சாலமன் கேன் சித்திரக்கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்தச் சாலமன் கேன்?

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து கிளம்பி, ஐரோப்பியக் காடுகளிலும் கடல்களிலும் ஆப்பிரிக்காவின் உட்பகுதிகளிலும் தன்னந்தனியாகத் திரியும் ஒரு பியூரிட்டன் வாள்வீரன். தலை முதல் கால் வரை கறுப்பு உடை, இறகு செருகாத அகன்ற தொப்பி, அதன் நிழலில் வெளிறிய ஒடுங்கிய முகம், இடுப்பில் ரேப்பியர் எனப்படும் நீண்ட மெல்லிய குத்துவாள், ஒரு குறுவாள், இரண்டு கைத்துப்பாக்கிகள் ஆகியவையே அவனுடைய அடையாளங்கள். கொள்ளையரையும் கொலைகாரரையும் மட்டுமன்றிப் பேய்களையும் பிணம்தின்னிகளையும் இறக்கை முளைத்த கொடிய உயிரினங்களையும் அவன் எதிர்கொள்கிறான். தன்னை ஆண்டவனின் கையிலுள்ள கருவி என்று உறுதியாக நம்புகிறான். அந்த நம்பிக்கை உண்மையா, அல்லது ஊர் சுற்றவும் சண்டையிடவும் உள்ளுக்குள் துடிக்கும் ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானமா என்பதைக் கதைகள் எங்குமே தீர்த்துவைப்பதில்லை. இந்தத் தீராத ஐயம்தான் இப்பாத்திரத்தின் உயிர்நாடி என்பது என் கருத்து. கேனை வைத்து வந்த சித்திரக்கதைகளில் எது தேறியது, எது சறுக்கியது என்பதை இதை வைத்தே பெரும்பாலும் கணித்துவிடலாம்.

இப்பாத்திரம் காமிக்ஸுக்காகவே உருவாக்கப்பட்டதா?

இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வாழ்ந்த ராபர்ட் இ. ஹோவர்ட் எழுதிய சிறுகதைகளிலும் கவிதைகளிலும் பிறந்தவன் கேன். முதல் கதையான 'ரெட் ஷேடோஸ்' 1928 ஆகஸ்ட் மாத 'வியர்ட் டேல்ஸ்' இதழில் வெளிவந்தது. பலருக்கும் தெரிந்த கோனன் என்னும் காட்டுமிராண்டி வீரனும் இதே எழுத்தாளரின் படைப்புதான் என்றாலும், அவன் அதே இதழில் தலைகாட்டியது 1932 டிசம்பரில்தான். ஆகவே கேன் நான்கு ஆண்டுகள் மூத்தவன். ஹோவர்ட் 1936 ஜூன் மாதம் தம் முப்பதாவது வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் வாழ்நாளில் அச்சேறிய கேன் கதைகள் ஏழு மட்டுமே. முடிக்கப்படாத துண்டுகளும் வெளியிடப்படாத கதைகளும் சில கவிதைகளும் அவருடைய தாள்களுக்கிடையே எஞ்சியிருந்தன. அவற்றுள் பல 1968-ஆம் ஆண்டு வந்த ஒரு தொகுப்பின் வழியாகவே வாசகர்களை எட்டின.

கதைகள் எந்த ஆண்டுகளில் நடக்கின்றன?

கதைகளில் தேதிகள் அரிது. ஆனால் கவிதைகளில் இரண்டு உறுதியான பிடிமானங்கள் கிடைக்கின்றன. கடலோடி பிரான்சிஸ் டிரேக் தம் உலகப் பயணத்தின்போது, 1578-இல், படகோனியாக் கரையிலுள்ள சான் ஹூலியன் துறையில் தாமஸ் டவுட்டி என்பவருக்கு மரண தண்டனை விதித்து நிறைவேற்றியது வரலாற்று நிகழ்ச்சி. ஹோவர்டின் ஒரு கவிதை கேனை அந்தக் கரையில் நிறுத்தி, தளபதியின் முகத்துக்கு நேரே அதை எதிர்க்கவைக்கிறது. இன்னொரு கவிதையில், 1591-இல் அசோர்ஸ் தீவுகளருகே ஸ்பானியக் கப்பற்படையோடு பொருது மாண்ட ரிச்சர்ட் கிரென்வில்லின் ஆவி வந்து கேனைத் துயிலெழுப்புகிறது. எனவே ராணி எலிசபெத்தின் ஆட்சியின் பின்பாதியும் அதை ஒட்டிய ஆண்டுகளும்தான் கேனின் காலம் என்று கொள்வதில் தவறில்லை.

படங்களைக் கூர்ந்து நோக்குவோருக்கு ஒரு செய்தி. கேனின் கைத்துப்பாக்கிகளைப் பெரும்பாலான ஓவியர்கள் ஃபிளின்ட்லாக் வகையாகவே வரைகிறார்கள். சுத்தியல் போன்ற கொக்கியில் தீக்கல் பொருத்தி, அது எஃகில் மோதும் பொறியால் வெடிக்கும் அவ்வகை முழு வடிவம் பெற்றது 1610-ஐ ஒட்டிய பிரான்சில். 1580-களில் ஒருவன் இடுப்பில் செருகியிருக்கக்கூடியது, சாவியால் முறுக்கி வைத்த சக்கரம் சுழன்று பொறி கிளப்பும் வீல்லாக் துப்பாக்கிதான். விசையை அழுத்தும் முன் அந்தச் சக்கரத்தை முறுக்கி வைத்தாக வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், கேன் ஒரு குண்டோடு நிறுத்திக்கொண்டு வாளை உருவுவது இன்னும் இயல்பாகவே தோன்றும்.

பியூரிட்டன் என்பவர்கள் யார்? அவர்கள் உண்மையில் இப்படித்தான் இருந்தார்களா?

இங்கிலாந்துத் திருச்சபையில் கத்தோலிக்க வழிபாட்டின் எச்சங்கள் இன்னும் தங்கிவிட்டன, அவற்றையும் களைந்து சபையைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்று பதினாறாம் நூற்றாண்டில் குரல் எழுப்பிய சீர்திருத்தப் புராட்டஸ்டன்டுகளே பியூரிட்டன்கள். வேத வாசிப்பு, நீண்ட பிரசங்கம், ஓய்வுநாள் ஒழுங்கு, தன் மனத்தைத் தானே ஓயாமல் சோதித்துப் பார்க்கும் பழக்கம் ஆகியவை அவர்களுடைய வாழ்க்கை முறை. நாள்தோறும் கறுப்பு உடுத்தினார்கள் என்பது பிற்காலத்துக் கற்பனை. ஆழ்ந்த கறுப்புச் சாயம் விலை மிகுந்தது என்பதால் அது சிறப்பு நாளுக்கும் செல்வந்தர்க்கும் உரியதாக இருந்தது. சாதாரண நாள்களில் பழுப்பு, மங்கிய பச்சை, செம்பழுப்பு ஆகிய நிறங்களே அவர்களிடம் மிகுதி. குடும்பமும் சபையும் ஊரும் சேர்ந்ததே பியூரிட்டன் வாழ்வு என்பதால், மூன்றுமற்ற நாடோடியான கேன் அந்த இலக்கணத்துக்குள் அடங்கமாட்டான். அவனிடம் மிஞ்சியிருப்பது அந்த மரபின் உள்முகச் சோதனை மட்டுமே. சித்திரக்கதைக்கு அதுவே போதும்.

கேன் எப்போது சித்திரக்கதைக்கு வந்தான்?

1973-இல், மார்வெல் நிறுவனத்தின் வழியாக. கோனன் காமிக்ஸ் வெற்றி பெற்றுக்கொண்டிருந்த அந்நாளில், அதை எழுதிவந்த ராய் தாமஸ் ஹோவர்டின் மற்றப் பாத்திரங்களையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். 'மான்ஸ்டர்ஸ் அன்லீஷ்டு' என்னும் கறுப்பு வெள்ளை இதழின் முதல் எண்ணில் 'ஸ்கல்ஸ் இன் த ஸ்டார்ஸ்' கதை ரால்ஃப் ரீஸின் ஓவியத்தில் வந்தது. கறுப்பு வெள்ளை இதழை நாடியதற்குத் தக்க காரணம் உண்டு. 1954 முதல் அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகங்களின் மேல் ஒரு தணிக்கை நெறி அமர்ந்திருந்தது. பெரிய அளவில் அச்சிட்டு வயது வந்தோருக்கென்று விற்ற இதழ்கள் அந்த நெறியின் வரம்புக்குள் வரவில்லை. பிணமும் பேயும் பழிவாங்கலும் நிறைந்த கேனுக்கு அந்தப் பக்கவாசல் தேவைப்பட்டது. அதே ஆண்டில் 'டிராகுலா லிவ்ஸ்' இதழில் ராய் தாமஸும் ஓவியர் ஆலன் வைஸும் கேனை டிராகுலாவோடே மோதவிட்டார்கள். ஹோவர்ட் எழுதாத கதை. ஆனாலும் ரசிக்கத்தக்க குறும்பு.

அதன்பின் 'சாவேஜ் சோர்ட் ஆஃப் கோனன்' இதழின் பின்பக்கங்கள் கேனுக்கு நெடுநாள் வீடாயின. 1976-77-இல் 'மார்வெல் பிரீமியர்' இதழின் 33, 34 எண்களில் ராய் தாமஸ், ஹோவர்ட் சேக்கின் இணையினர் 'ரெட் ஷேடோஸ்' கதையை வண்ணத்தில் தந்தார்கள். 1985-86-இல் 'த சோர்ட் ஆஃப் சாலமன் கேன்' என்ற ஆறு இதழ்த் தொடரை ரால்ஃப் மாக்கியோ எழுதினார். பின்னாளில் ஹெல்பாய் என்னும் காமிக்ஸ் நாயகனைப் படைத்த மைக் மிக்னோலா அதில் பங்குகொண்ட ஓவியர்களுள் ஒருவர். திரண்ட கறுப்பு நிழல்களுக்குள் ஆளைப் புதைத்து வரையும் மிக்னோலாவின் பிற்கால முறையை அறிந்தவர்கள், அவருடைய கை கேனிடத்தில் பழகியிருப்பதைக் கண்டு வியக்கமாட்டார்கள்.

டார்க் ஹார்ஸ் தொடர்களைப் பற்றிப் பலரும் சொல்கிறார்களே, அவற்றின் சிறப்பு என்ன?

2008-இல் தொடங்கிய டார்க் ஹார்ஸ் நிறுவனத்தின் வரிசையில் மூன்று தொடர்கள் வந்தன. 'த கேசில் ஆஃப் த டெவில்' ஐந்து இதழ்கள், 'டெத்ஸ் பிளாக் ரைடர்ஸ்' நான்கு இதழ்கள். இவ்விரண்டையும் ஸ்காட் அல்லி எழுத மாரியோ குவேரா வரைந்தார். 2011-இல் முடிவுற்ற மூன்றாவது தொடரான 'ரெட் ஷேடோஸ்' புரூஸ் ஜோன்ஸின் எழுத்திலும் ரஹ்சான் எக்கடாலின் ஓவியத்திலும் வந்தது.

முதலிரண்டு தொடர்களுக்கும் அடிப்படை, ஹோவர்ட் பாதியில் விட்ட துண்டுகள். 'கேசில் ஆஃப் த டெவில்' துண்டில் நடப்பது மிகச் சிறிது. ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் வனப்பாதையில் கேன் ஜான் சைலன்ட் என்னும் ஆங்கிலேய வழிப்போக்கனைச் சந்திக்கிறான். தூக்குமரத்தில் தொங்கிய ஒரு சிறுவனைத் தான் அறுத்து விடுவித்ததை எவ்விதப் பெருமையுமின்றிச் சொல்கிறான். அது அப்பகுதியை ஆளும் பிரபுவின் வேலை என்று மற்றவன் எச்சரிக்கும்போது, தீய மனிதர் சிலரை அவர்தம் உயிர்ச்சுமையிலிருந்து விடுவிக்கும் பொறுப்பு பயணங்களில் அவ்வப்போது தன்மேல் விழுந்ததுண்டு என்ற பொருளில் அமைதியாக விடை தருகிறான். அத்தோடு கையெழுத்துப்படி நின்றுவிடுகிறது. கோட்டைக்குள் இருப்பது என்ன என்பதை ஹோவர்ட் சொல்லவே இல்லை.

அல்லி அந்தக் கோட்டையைப் பழைய மடாலயம் ஒன்றின் இடிபாடுகள்மேல் எழுப்பி, ஐந்து இதழுக்குக் கதையை நீட்டினார். நீட்டிய பகுதி முழுவதும் சமமான தரத்தில் இல்லை. நடுவில் கோட்டையினுள் பேச்சு மிகுந்து கதை தேங்குகிறது. ஆனால் ஒரு முடிவில் அவர் தெளிவாக இருந்தார். சிரிக்கவும் ஐயப்படவும் பிழைக்கவும் தெரிந்த ஜான் சைலன்டைக் கேனுக்குப் பக்கத்திலேயே நடக்கவிட்டார். சாதாரண மனிதன் ஒருவன் அருகில் இருக்கும்போதுதான் கேனின் பிடிவாதம் எத்தனை விபரீதமானது என்பது நமக்கு உறைக்கிறது. குவேராவின் கோடுகளும் டேவ் ஸ்டூவர்ட்டின் அடங்கிய வண்ணங்களும் அந்த வனத்துக்கு ஈரமும் குளிரும் தருகின்றன. மூன்று தொடர்களில் ஒன்றை மட்டுமே வாங்க இயலும் என்றால் நான் இதைத்தான் கைகாட்டுவேன்.

கேனை வரைவதில் என்ன சிரமம் இருந்துவிடப் போகிறது?

தோற்றத்தைப் பொறுத்தவரை ஏதுமில்லை. தொப்பி, மேலங்கி, வாள் மூன்றின் நிழலுருவமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். சிரமம் அவன் மனத்தைக் காட்டுவதில் இருக்கிறது. 'ரெட் ஷேடோஸ்' கதையின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். நிலவொளியில் பிரெஞ்சு நாட்டுச் சாலையொன்றில் குற்றுயிராகக் கிடக்கும் ஒரு பெண்ணைக் கேன் காண்கிறான். முன்பின் தெரியாதவள். லெ லூ என்னும் கொள்ளைக்காரத் தலைவனின் கும்பல் அவள் ஊரைச் சூறையாடிவிட்டது. அவள் அவன் கைகளிலேயே உயிர்விடுகிறாள். இதற்காக மனிதர்கள் சாவார்கள் என்று ஒரே வாக்கியம் சொல்லி எழுகிறான். அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பல ஆண்டுகள் நாடுவிட்டு நாடு அலைந்து ஆப்பிரிக்கா வரை லெ லூவைத் துரத்துகிறான். பெயரறியாத பெண்ணுக்காக ஒருவன் வாழ்நாளைச் செலவிடுவது கருணையா வெறியா என்ற கேள்வி, பெண்ணைத் தரையில் கிடத்திவிட்டு அவன் நிமிர்கின்ற அந்த ஒரு கட்டத்தில் தெரிய வேண்டும். கண்ணில் நீரைக் காட்டினால் கருணைப் பக்கம் சாய்ந்துவிடும்; பல்லைக் கடிக்கவைத்தால் வெறியாகிவிடும். தேர்ந்த ஓவியர் தொப்பியின் நிழலை இறக்கிவிட்டு முகத்தைப் பாதி மறைத்துவிடுவார்.

எழுத்திலும் இதே சிக்கல் உண்டு. எழுபதுகளின் மார்வெல் கதைகள் ஹோவர்டின் உரைநடையை உரைப்பெட்டிகளில் நிரப்பின. அழகான வாக்கியங்கள்தாம், ஆனால் படம் காட்டுவதையே எழுத்தும் சொல்லி இடத்தை அடைத்துக்கொள்ளும். டார்க் ஹார்ஸ் காலத்தில் உரைப்பெட்டிகள் பெரிதும் ஒதுங்கின. கேனைப் போன்று வாய் திறக்காதவனுக்கு அதுவே பொருத்தம்.

இவ்வளவு பக்திமான் எப்படி ஒரு மந்திரக்கோலை வைத்திருக்கிறான்?

அமானுஷ்யக் கதை என்ற அளவில் கேன் வரிசையின் மிகச் செழிப்பான பகுதி இது. 'ரெட் ஷேடோஸ்' கதையில் கேன் ஆப்பிரிக்காவில் நிலோங்கா என்னும் முதிய மாந்திரிகரைச் சந்திக்கிறான். நிலோங்கா தம் உயிரை உடலிலிருந்து வெளியேற்றி ஒரு பிணத்துக்குள் புகுத்தி, பிணத்தை எழுந்து நடக்கவைக்கிறார். கேன் கண்முன்னே காண்பதை அவனுடைய சமயம் பிசாசின் வேலை என்றுதான் சொல்லும். ஆனால் அந்த வேலையால்தான் அவன் உயிர் தப்புகிறான். பின்னர் 'த ஹில்ஸ் ஆஃப் த டெட்' கதையில் இருவரும் இரத்தம் கலந்த சகோதரர்களாகிறார்கள். பூனைத்தலை செதுக்கிய ஒரு கோலை நிலோங்கா கொடுக்க, கேன் அரைமனத்துடன் வாங்கிக்கொள்கிறான். எறிந்துவிட வேண்டும் என்ற எண்ணமும் எழுகிறது, எறிவதில்லை. 'த ஃபுட்ஃபால்ஸ் விதின்' கதையில் அந்தக் கோலின் வரலாற்றை ஒரு முதியவர் விளக்கும்போது, அது விவிலியத்துச் சாலமோன் அரசரின் கைக்கே சென்று வந்த, உலகத்தைப் போலப் பழைய பொருள் என்று தெரியவருகிறது. தான் பிசாசினது என்று அஞ்சிய கோல் தன் வேதநூலின் அரசருக்கே உரியதாக இருந்திருக்கிறது.

இந்த இடத்தைக் காமிக்ஸ் எழுத்தாளர்கள் சில வேளைகளில் வெறும் ஆயுதப் பரிசாக்கி விடுகிறார்கள். கோலின் நுனியை நீட்டினால் பேய் சாம்பலாகும் என்ற அளவில் கதை நின்றுவிட்டால், கேனின் முகத்தில் வர வேண்டிய தயக்கம் காணாமல் போகிறது. அவன் அதை எப்படிப் பிடித்திருக்கிறான், உறங்கும்போது எவ்வளவு தள்ளி வைக்கிறான் என்பதையெல்லாம் வரையத் தெரிந்தவர் கையில்தான் அது மந்திரக்கோல்.

ஆப்பிரிக்கக் கதைகளில் இனவெறி இருக்கிறது என்கிறார்களே?

இருக்கிறது. 1920-30-களின் அமெரிக்க மலிவு இதழ்களில் ஆப்பிரிக்கா என்பது உண்மையான மக்களும் அரசுகளும் நகரங்களும் உள்ள கண்டமாக வரவில்லை. இருளும் முரசொலியுமாகவே வந்தது. ஹோவர்டின் கதைகளும் அந்தக் கண்ணாடியைத்தான் அணிந்திருக்கின்றன. 'த மூன் ஆஃப் ஸ்கல்ஸ்' கதையில் பாழடைந்த பெருநகரைக் கண்டவுடன் அதைக் கட்டியவர்கள் கடலில் மூழ்கிய அட்லாண்டிஸ் மக்கள் என்று விளக்கம் சொல்லப்படுவதே போதிய சான்று. உள்ளூர் மக்கள் கட்டியிருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு அக்கதையில் இடமே இல்லை.

ஆனால் அதே கதைவரிசையில் கேனின் நெருங்கிய நண்பராகவும், அறிவிலும் ஆற்றலிலும் அவனை விஞ்சியவராகவும் நிற்பவர் நிலோங்காதான். 'ஃபுட்ஃபால்ஸ்' கதையில் அடிமை வணிகரின் வரிசையைக் கண்டு, வெல்ல வழியில்லை என்று தெரிந்தும் கேன் ஒற்றையாளாகப் பாய்கிறான். 'விங்ஸ் இன் த நைட்' கதையில், தன்னை நம்பிய ஒரு கிராமத்தை இறக்கையுள்ள கொடிய உயிரினங்களிடமிருந்து காக்க முடியாமல் போனதும் புத்தி பேதலிக்கும் அளவுக்குக் குலைந்துபோகிறான். அவனை முழுதாகத் தோற்கடித்த கதை அது ஒன்றே. படிக்கும்போது எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். மறுவடிவம் தருகிறவர்கள் இந்தப் பகுதிகளை முன்னிறுத்தி, நிலோங்காவுக்கு ஹோவர்ட் கொடுத்த கொச்சை ஆங்கிலத்தை நீக்கி, ஆப்பிரிக்க மனிதர்களுக்கு முகமும் பெயரும் தர முடியும். பழைய மார்வெல் பிரதிகளைப் படிப்போர் அன்றைய சித்தரிப்பு அப்படியே இருக்கும் என்பதை அறிந்தே திறக்க வேண்டும்.

2009-இல் வந்த திரைப்படம் காமிக்ஸைத் தழுவியதா?

இல்லை. மைக்கேல் ஜே. பாசெட் இயக்கத்தில் ஜேம்ஸ் பியூர்ஃபாய் நடித்த அப்படம், கேனுக்கு ஹோவர்ட் எழுதாத ஒரு முன்கதையைப் புதிதாகப் புனைந்தது. கொடூரனாக இருந்தவன், தன் ஆன்மா பிசாசுக்கு அடகு போய்விட்டதை அறிந்து, அதை மீட்க நல்வழிக்குத் திரும்புகிறான் என்பது படத்தின் கதை. மழையும் சேறும் நிறைந்த காட்சியமைப்பும் பியூர்ஃபாயின் நடிப்பும் பாராட்டுக்குரியவை. ஆனால் ஏன் அலைகிறான் என்பதற்கு இவ்வளவு கச்சிதமான காரணம் கிடைத்துவிட்ட பிறகு, அவன் கேனாக இருப்பதில்லை; பாவத்துக்குப் பரிகாரம் தேடும் இன்னொரு நாயகன் ஆகிவிடுகிறான்.

புதிதாகப் படிக்க விரும்புகிறவர் எங்கே தொடங்கலாம்?

'ஸ்கல்ஸ் இன் த ஸ்டார்ஸ்' கதையில் தொடங்குங்கள். ஆங்கிலேயக் கிராமம் ஒன்று. அடுத்த ஊருக்கு இரண்டு பாதைகள். மேட்டுவெளி வழியே செல்லும் குறுக்குப்பாதையில் பேய் உலவுகிறது, சதுப்பு வழியே சுற்றிப் போ என்று ஊரார் சொல்கிறார்கள். கேன் மேட்டுவெளியைத் தேர்கிறான். வாளும் துப்பாக்கியும் பயன்படாத அந்த உருவத்தோடு வெறுங்கையால் பொருதுகிறான். அஞ்சாத நெஞ்சு ஒன்றே அதற்கு மருந்து என்று கண்டுகொள்கிறான். பேய் யார், அதை அப்படி ஆக்கியவர் யார் என்ற மர்மம் அவிழ்ந்தபின் ஊராரோடு சேர்ந்து அவன் வழங்கும் தண்டனை, படிப்பவரை நெளியவைக்கும். சில பக்கங்களுக்குள் கேனின் இரண்டு பக்கங்களும் தெரிந்துவிடும்.

தொகுப்பாக வேண்டுமானால், மார்வெலின் கறுப்பு வெள்ளைக் கதைகளை 'த சாகா ஆஃப் சாலமன் கேன்' என்றும், வண்ணக் கதைகளை 'த கிரானிக்கிள்ஸ் ஆஃப் சாலமன் கேன்' என்றும் டார்க் ஹார்ஸ் 2009-இல் வெளியிட்டது. கேரி ஜியானியின் ஓவியங்களுடன் வந்த 'த சாவேஜ் டேல்ஸ் ஆஃப் சாலமன் கேன்' மூலக்கதைகளின் தொகுப்பு. அண்மைக்காலத்தில் டைட்டன் நிறுவனத்தின் 'சாவேஜ் சோர்ட்' இதழில் பேட்ரிக் சர்ச்சர் தாமே எழுதி வரைந்த கேன் கதைகளும், 2025-இல் அவருடைய 'த சர்பன்ட் ரிங்' தொடரும் வந்தன. சிறுவர்களுக்கு இவற்றில் எதுவும் ஏற்றதன்று.

இக்கதைகளைத் தமிழில் மொழிபெயர்த்தோ வரைந்தோ வெளியிட உரிமை வாங்க வேண்டுமா?

மூலக்கதைகள், சித்திரக்கதைகள், பாத்திரத்தின் பெயர் ஆகிய மூன்றைத் தனித்தனியே பார்க்க வேண்டும். ஹோவர்ட் வாழ்ந்தபோதே அச்சேறிய கதைகளுக்கு, ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டுகள் என்ற இந்தியச் சட்டக் கணக்கின்படி பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அமெரிக்காவில் 1928-இல் வெளியானவை 2024 தொடக்கத்துடன் பொதுவுடைமையாயின. ஆசிரியர் மறைவுக்குப்பின் முதன்முதலாக வெளிவந்த துண்டுகளுக்கு இந்தியாவில் அந்த 60 ஆண்டுகள் வெளியான ஆண்டிலிருந்து ஓடும் என்பதால், 1968 தொகுப்பில் வந்தவற்றைத் தொடுவோர் 2028 முடியும்வரை பொறுப்பது பாதுகாப்பு. மார்வெல், டார்க் ஹார்ஸ், டைட்டன் சித்திரக்கதைகளின் வசனமும் ஓவியமும் இன்றும் உரிமைக்குட்பட்டவை. ஒரு கட்டத்தைக்கூட எடுத்தாளக் கூடாது. பாத்திரத்தின் பெயர் வணிகக்குறியாகவும் பேணப்படுகிறது. ஆகவே மூலக்கதையிலிருந்து நீங்களே புதிதாக வரைந்தாலும், அட்டையில் அவன் பெயரைப் பெரிய எழுத்தில் பொறிப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.